செயற்கை மூடுபனி (ஒளிப்பதிவு)

இக்கட்டுரை திரைப்பட ஒளிப்பதிவு நுட்பம் குறித்தது. பாலு மகேந்திரா இயக்கிய 1980 ஆம் ஆண்டுத் திரைப்படத்திற்கு, மூடுபனி (திரைப்படம்) பக்கத்தைப் பார்க்க.

செயற்கை மூடுபனி என்பது காற்றில் நுண்ணிய துளிகளையோ துகள்களையோ பரப்பி, ஒளிக்கற்றைகளைக் கண்ணுக்குப் புலப்படச் செய்யும் ஒளிப்பதிவு நுட்பமாகும். மரக்கிளைகளினூடே இறங்கும் கதிர்கள், தெருவிளக்கைச் சூழும் ஒளிவட்டம், விடியற்காலைக் கடற்கரையின் மங்கிய தொலைவு ஆகியவற்றை உருவாக்க இது பயன்படுகிறது. மூடுபனி தானாக ஒளிர்வதில்லை. அதன்மீது விழும் ஒளியையே சிதறடிக்கிறது. ஆகவே வெளிப்புறப் படப்பிடிப்பில் கதிரவன் நிற்கும் திசையும் காற்று வீசும் திசையுமே இதன் விளைவைப் பெரிதும் தீர்மானிக்கின்றன.

இயற்பியல் அடிப்படை

தூய காற்றினூடே செல்லும் ஒளிக்கற்றையைப் பக்கவாட்டிலிருந்து காண இயலாது. காற்றில் மிதக்கும் துளிகள் ஒளியைச் சிதறடிக்கும்போதே கற்றை தெரிகிறது. இது டிண்டால் விளைவு எனப்படுகிறது. மூடுபனித் துளிகளின் அளவு ஒளியின் அலைநீளத்தை ஒட்டியோ அதனினும் பெரிதாகவோ இருப்பதால், ஒளியின் பெரும்பகுதி அது செல்லும் திசையிலேயே முன்னோக்கிச் சிதறுகிறது. இக்காரணத்தால், கதிரவன் படக்கருவிக்கு எதிரே, காட்சிக்குப் பின்னால் இருக்கையில் மூடுபனி பளிச்சிடும். கதிரவன் படக்கருவிக்குப் பின்னால் இருந்தால் கற்றைகள் தோன்றா. காட்சி வெளிறி மட்டுமே போகும்.

வகைகள்

* கிளைக்கால் புகை: கிளைக்கால் அல்லது கிளிசரின் கலந்த நீர் சூடேற்றி ஆவியாக்கப்படுகிறது. ஆவி வெளிக்காற்றில் பட்டவுடன் குளிர்ந்து வெண்புகையாகிறது.
* எண்ணெய்ப் படலம்: கனிம எண்ணெய் நுண்துளிகளாக உடைக்கப்படுகிறது. மெல்லியதாக நெடுநேரம் நிற்கும்.
* உலர்பனிக்கட்டி: −78.5 பாகை செல்சியசு வெப்பநிலையுள்ள திண்மக் கார்பன் டை ஆக்சைடு வெந்நீரில் இடப்படுகிறது. தரையோடு தவழும் வெண்மை, குளிர்ந்து திரண்ட நீர்த்துளிகளே ஆகும். கார்பன் டை ஆக்சைடு நிறமற்றது.
* சாம்பிராணிப் புகை: இந்தியப் படப்பிடிப்புத் தளங்களில் பயன்பட்ட எளிய முறை.

வரலாற்றில் சில எடுத்துக்காட்டுகள்

குரு தத் இயக்கிய காகஸ் கே பூல் (1959) படத்தில் ஒளிப்பதிவாளர் வி. கே. மூர்த்தி, கதிரவன் ஒளியைக் கண்ணாடிகளால் அரங்கினுள் திருப்பி உருவாக்கிய ஒளிக்கற்றை புகழ்பெற்றது. ஜோர்டான் குரோனன்வெத் ஒளிப்பதிவு செய்த பிளேடு ரன்னர் (1982) படத்தின் இரவுநேரத் தெருக்காட்சிகளில் புகையும் பின்னொளியும் இணைந்து பயன்பட்டன. நச்சுத்தன்மையற்ற மேம்பட்ட புகை நீர்மத்தை உருவாக்கியமைக்காக ரோசுகோ நிறுவனம், 1984 ஆம் ஆண்டுக்கான அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் தொழில்நுட்ப விருதைப் பெற்றது.

வெளிப்புறத்தில் பயன்பாடு

அரங்கினுள் புகை தங்கும், வெளியில் கலைந்துவிடும். எனவே கருவிகள் காற்று வரும் பக்கத்தில் வைக்கப்படுகின்றன. பரந்த வெளியில், துளையிட்ட நீண்ட பாலித்தீன் குழாயினுள் மின்விசிறியால் புகையைச் செலுத்திச் சீராகப் பரப்புவர். ஒரே காட்சியின் வெவ்வேறு துண்டுகளில் புகையின் அடர்த்தி மாறினால் படத்தொகுப்பில் அவை பொருந்தா. ஆகவே ஒவ்வொரு முறையும் புகை பரவிச் சமநிலை அடையும்வரை காத்திருக்க வேண்டும்.

தூத்துக்குடிக் கடற்கரைச் சூழல்

மணிரத்னம் இயக்கி ராஜீவ் மேனன் ஒளிப்பதிவு செய்த கடல் (2013) திரைப்படத்தின் காட்சிகள் தூத்துக்குடி மாவட்டத்தின் மணப்பாட்டில் எடுக்கப்பட்டன. உதகை, கொடைக்கானல் போலன்றி, இக்கரையில் இயற்கை மூடுபனி அரிது. கிழக்கு நோக்கிய கரையாதலால் கதிரவன் கடல்மேல் எழுகிறது. விடியலில் நிலக்காற்று கடலை நோக்கி வீசும் நாட்களில், கரைப்பக்கத்தில் விடும் புகை கடலை நோக்கி நகர்ந்து பின்னொளியைப் பெறும். முற்பகலுக்குப் பின் கடற்காற்று எழும்போது அமைப்பை மாற்ற வேண்டும். சூன் முதல் செப்டம்பர் வரை வீசும் வலுத்த மேல்காற்றில் புகையை நிறுத்துவது கடினம்.

இதே மாவட்டத்தில் தாமிரபரணியின் தென்கரையிலுள்ள ஆதிச்சநல்லூர், பாதுகாக்கப்பட்ட தொல்லியல் களமாகும். இத்தகைய இடங்களில் படமெடுக்க இந்தியத் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும். நுண்துளைகள் கொண்ட மட்பாண்டங்களில் எண்ணெய் ஊறக்கூடும் என்பதால், அகழ்விடங்களின் அருகே எண்ணெய்ப் படலத்தைத் தவிர்த்தல் நன்று.

பாதுகாப்பு

திரையில் சில நொடிகள் தோன்றும் புகையைப் படப்பிடிப்புக் குழுவினர் நாள்முழுதும் சுவாசிக்க நேர்கிறது. அமெரிக்க நாடகக் கலைஞர்களிடம் நடத்தப்பட்டு 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, ஒரு கனமீட்டர் காற்றில் கிளைக்கால் 40 மில்லிகிராமையும் கனிம எண்ணெய் 25 மில்லிகிராமையும் எக்கணத்திலும் தாண்டலாகாது எனப் பரிந்துரைத்தது. ஆசுத்துமா உள்ளோர் புகையினின்று விலகியிருத்தல் வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தி மிக்கது. பள்ளங்களிலும் மூடிய அறைகளிலும் தேங்கும். 2020 பிப்ரவரியில் மாஸ்கோவில் உள்ளரங்க நீச்சல் குளத்தில் உலர்பனிக்கட்டியைக் கொட்டியபோது மூவர் உயிரிழந்தனர். திறந்தவெளியிலும், பள்ளத்தில் படுத்திருக்கும் நடிகருக்கு இத்தீங்கு நேரலாம். சாலையருகே புகை விடுகையில் போக்குவரத்தை முன்னரே நிறுத்துவதும் இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்க

* டிண்டால் விளைவு
* ஒளிச்சிதறல்
* உலர்பனிக்கட்டி
* மணப்பாடு
* ஆதிச்சநல்லூர்