பாளையச் சீமையில் ரமலான்

1755-ல் மைசூர்ப் படையோடு ஹைதர் அலி திண்டுக்கல்லுக்கு வந்தார். கன்னிவாடி, விருப்பாட்சி முதலிய பாளையங்களை அடக்கிக் கப்பம் வாங்குவது அவருக்கு இடப்பட்ட பணி. திண்டுக்கல் கோட்டையும் பாளையங்களும் பின்னர் கிழக்கிந்தியக் கும்பெனியார் கைக்குப் போயின. ஹைதரின் தங்கை அமீருன்னிசா பேகம் அடங்கியிருக்கும் திண்டுக்கல் பேகம்பூரில் தொழுகையும் ரமலான் நோன்பும் இன்றும் தொடர்கின்றன.

அந்த நோன்பின் வரலாறு மதீனாவில் தொடங்குகிறது. நபிகள் நாயகம் அங்கு குடியேறிய இரண்டாம் ஆண்டில், கி.பி. 624-ல், ரமலான் நோன்பு கடமையானது. முதலில் விதி கடுமையாக இருந்தது. நோன்பு திறக்கும் நேரத்தில் சாப்பிடாமல் தூங்கிவிட்டால், மறுநாள் மாலை வரை உண்ணக் கூடாது. கைஸ் இப்னு ஸிர்மா என்ற நபித்தோழர் உழைத்துக் களைத்து நோன்போடு வீடு திரும்பினார். மனைவி உணவு தேடி வருவதற்குள் அசந்து தூங்கிவிட்டார். மறுநாள் நண்பகலில் மயங்கி விழுந்தார். அதன் பிறகே, வைகறை வரை உண்ணலாம், பருகலாம் என்ற குர்ஆன் வசனம் அருளப்பட்டது.

களைத்துப்போன ஒரு மனிதரின் மயக்கம் சட்டத்தையே இளக்கியது. நோன்பின் மற்ற விதிகளிலும் இதே இளக்கம் உண்டு. நோயாளியும் பயணியும் விட்ட நோன்பைப் பிறகு நோற்கலாம். தீராத நோயாளியும் தள்ளாத முதியவரும் நாளுக்கு ஓர் ஏழைக்கு உணவளித்தால் போதும். நோன்புப் பெருநாள் தொழுகைக்கு முன்பே ஏழைகளுக்கு ஃபித்ரா என்னும் தானிய தருமம் போய்ச் சேர வேண்டும். பிறைக் கணக்கில் ஆண்டுக்கு 354 நாட்கள் என்பதால், சுமார் 33 ஆண்டுகளில் ரமலான் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. எந்த நாட்டாருக்கும் கோடை மட்டுமே வாய்ப்பதில்லை.

தமிழகத்தில் இந்த ஈரம் நோன்புக் கஞ்சியாகக் கொதிக்கிறது. நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால், வசதிப்பட்டால் கறிக்கைமா. அஸர் என்னும் பிற்பகல் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளிகள் வரிசை கட்டும். வாங்க வருபவரின் மதத்தை யாரும் கேட்பதில்லை. 2001 முதல் இந்தக் கஞ்சிக்குத் தமிழக அரசு அரிசி வழங்கி வருகிறது.

பசியைத் தாங்குவது நோன்பின் ஒரு பாதிதான். பசித்தவரைத் தாங்குவது மறு பாதி. உழைத்துக் களைத்தவருக்காக இளகிய விதியைக் காக்கும் சமூகம், அவர் வயிற்றையும் பார்த்தாக வேண்டும்.

(தொடரும்)