வடசென்னைக் கானாவில் பெண்குரல்: தெரு, திரை, தொலைக்காட்சி

2020 நவம்பரில் பிபிசி வெளியிட்ட ‘100 பெண்கள்’ பட்டியலில் இந்தியாவிலிருந்து நால்வர் இடம்பெற்றனர். ஷாகின்பாக் போராட்டத்தில் உட்கார்ந்த மூதாட்டி பில்கிஸ், பாரா பேட்மின்டன் வீராங்கனை மானசி ஜோஷி, பருவநிலைக்காகக் குரல் கொடுத்த சிறுமி ரிதிமா பாண்டே ஆகிய மூவரும் செய்தித்தாள் படிப்பவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமானவர்கள். நான்காவது பெயர் இசைவாணி, ராயபுரத்துக் கானாப் பாடகி. வடசென்னையிலும் சுயாதீன இசையைத் தேடிக் கேட்பவர்களிடமும் அறியப்பட்டிருந்த அவர் முகம், மாலை நேரத் தொடர்களைப் பார்க்கும் வீடுகளுக்கு எட்டியது அடுத்த ஆண்டு அக்டோபரில், விஜய் டிவியின் ‘பிக் பாஸ்’ ஐந்தாம் பருவத்தில்தான்.

நம் ஊர்ப் பாடகர் பேரெடுப்பதற்கு ஒரு வாடிக்கையான வரிசை உண்டு. கோயில் திருவிழாக் கச்சேரி, பிறகு தொலைக்காட்சிப் போட்டி, பிறகு சினிமா, கடைசியில் சிங்கப்பூர், கனடா மேடை. இசைவாணி விஷயத்தில் லண்டன் முதலிலும் உள்ளூர்ச் சேனல் பின்னாலும் வந்தன. வரிசை ஏன் தலைகீழானது என்று தேடினால், கானாவில் பெண்கள் ஏன் இத்தனை காலம் பாடவில்லை என்ற பழைய கேள்வியில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

கானாவின் பிறப்பைப் பற்றிப் பல கருத்துகள் உள்ளன. சித்தர் பாடல் மரபோடு இணைப்பவர்கள் இருக்கிறார்கள். பக்கிரிகளின் பாட்டோடும் இந்திச் சினிமாப் பாட்டோடும் இணைப்பவர்களும் இருக்கிறார்கள். பெயர் எங்கிருந்து வந்தாலும் பாட்டு வளர்ந்த மண்ணில் சந்தேகமில்லை. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. துறைமுகம், பெரம்பூரின் பின்னி ஆலை, திருவொற்றியூரின் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை, பிறகு ராயல் என்ஃபீல்டு, எண்ணூரில் அசோக் லேலண்ட், அனல் மின் நிலையம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மூட்டை தூக்கவும் ஷிப்டு பார்க்கவும் வந்த குடும்பங்கள் குடிசைகளிலும் ஹவுசிங் போர்டு குடியிருப்புகளிலும் தங்கின. அவர்களில் பெரும் பகுதியினர் தலித் மக்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர்க் குப்பங்கள்வரை கடற்கரை நெடுக மீனவர்கள் முன்பே இருந்தார்கள். இவர்களுடைய சாவு வீட்டு வாசலில்தான் கானா முழு உருவம் பெற்றது.

அதை நடத்தும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாதமே அதில்தான் இருக்கிறது. சாவு விழுந்த வீட்டில் உடல் கிடக்கும் இரவு நீண்டது. பந்தல் போட்டு, ட்யூப் லைட் கட்டி, வாசலில் பாட்டுக்காரர்களை உட்கார வைப்பார்கள். டோலக், டேப், சட்டி, ஆர்மோனியம் இருக்கும்; வசதிப்பட்டால் புல்புல் தாராவும் இருக்கும். எதுவும் இல்லாவிட்டால் மேசையோ தகர டப்பாவோ போதும். இறந்தவரின் பெயர், தொழில், குடும்பம், பழக்கவழக்கம் எல்லாம் அந்த இடத்திலேயே பாட்டுக்குள் ஏறும். தெரிந்த சினிமா மெட்டில் வார்த்தையை மாற்றிப் பாடுவது அங்கே திருட்டு ஆகாது, திறமை. ஒருவர் எடுத்துக் கொடுக்க இன்னொருவர் தொடர, விடியும்வரை ஓடும். பதினாறாம் நாளிலும் ஆண்டு நினைவு நாளிலும் அதே கச்சேரி பேனரோடும் மைக்செட்டோடும் திரும்ப நடக்கும். மரண கானா விஜி என்ற பெயரில் ஒரு பாடகர் அறியப்பட்டார் என்றால் அந்த அடைமொழி இகழ்ச்சி அல்ல, தொழில் பட்டம்.

அதே இரவில் அதே வீட்டில் பெண்களும் பாடிக்கொண்டுதான் இருப்பார்கள். உடலைச் சுற்றி உட்கார்ந்து, தோளோடு தோள் கட்டிக்கொண்டு வைக்கும் ஒப்பாரி அது. அதிலும் இறந்தவரின் பெயர் வரும், வரலாறு வரும், வராத உறவினருக்குக் குத்தலும் வரும். கணத்தில் கட்டும் பாட்டுத்திறனில் இரண்டுக்கும் ஏற்றத்தாழ்வு கிடையாது. ஆனால் ஒப்பாரி உள்ளே, கானா வெளியே. வாசற்படிக்கு இந்தப் பக்கம் பாடியவளுக்குத் துக்கக்காரி என்று பெயர். அந்தப் பக்கம் பாடியவனுக்குப் பாடகன் என்று பெயர், கையில் கொஞ்சம் பணமும் கிடைத்தது. பெண்களுக்குக் கானா வராது, தொண்டை போதாது என்று பாட்டுக்காரர்கள் சொல்வதுண்டு. எனக்கு அது ஒப்புதலாயில்லை. நள்ளிரவு, தெரு, குடித்துவிட்டு ஆடும் கூட்டம், மறுநாள் சுடுகாட்டுப் பயணம் ஆகிய நான்கும் சேர்ந்துதான் பெண்ணை அந்த மேடையிலிருந்து விலக்கி வைத்திருந்தன. தடை குரலில் இல்லை, இடத்திலும் நேரத்திலும் இருந்தது.

சினிமா இந்தத் தடையை நீக்கவில்லை, வேறு வடிவில் எடுத்துக்கொண்டது. சென்னைத் தமிழில் ஒரு பெண் பாடித் தமிழ்நாடு முழுக்கக் கேட்டது 1968-இல், ‘பொம்மலாட்டம்’ படத்தில், வி. குமார் இசையில். ‘வா வாத்தியாரே’ பாடலைப் பாடி நடித்தவர் மனோரமா. மன்னார்குடியில் பிறந்து பள்ளத்தூரில் வளர்ந்த நடிகை மெட்ராஸ் பாஷையை அச்சாகப் பிடித்தது அவருடைய மேதைமை. ஆனால் அந்தப் பாஷை படத்தில் வந்தது சிரிப்புக்காக. 1990-களில் தேவா கானாவைப் படத்துக்குப் படம் கொண்டுவந்தபோது கதாநாயகனும் அவன் நண்பர்களும் பாடினார்கள். மெட்டை முதலில் தெருவில் பாடியவர் பெயர் பெரும்பாலும் தலைப்பில் வரவில்லை. 2006-இல் மிஷ்கினின் ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் கானா உலகநாதனே திரையில் தோன்றி ‘வாள மீனுக்கும்’ பாடினார். தெருப் பாடகர் ஒருவர் தம் பெயரோடும் முகத்தோடும் வந்தது பெரிய மாற்றம்தான். பக்கத்தில் மாளவிகா ஆடினார். ஆண் பாட, பெண் ஆட என்ற அந்தப் படச்சட்டம் நெடுநாள் அசையவில்லை. 2012-இல் பா. இரஞ்சித்தின் முதல் படமான ‘அட்டகத்தி’ வழியாக வழக்கறிஞர் கானா பாலா வந்து, கானாவைக் கேலிக்குரியதாக இல்லாமல் ஒரு பகுதியின் இயல்பான குரலாக நிறுவினார். அங்கேயும் பெண் பாடகி இல்லை.

பெண்கள் பாடிய இடம் வேறாக இருந்தது: மெல்லிசைக் குழு, ஊர் வழக்கில் ‘ஆர்கெஸ்ட்ரா’. ஆடி மாதக் கூழ் வார்த்தல், கல்யாண வரவேற்பு, கட்சி நிகழ்ச்சி, தேவாலயத் திருவிழா என்று வடசென்னையில் மேடைக்குப் பஞ்சமில்லை. அந்த மேடையில் பெண்குரல் கட்டாயத் தேவை, டூயட் பாட வேறு வழியில்லையே. இசைவாணி அங்கிருந்து வந்தவர். தந்தை தானாகவே இசை கற்றுக்கொண்ட கீபோர்டு கலைஞர். அவரோடு சிறுமியாகவே மேடை ஏறி, சினிமாப் பாட்டுப் பாடி வளர்ந்தார். அந்தத் தொழிலின் இலக்கணம் கறாரானது. ஜானகி பாடியதை ஜானகி போலவும் சித்ரா பாடியதை சித்ரா போலவும் பாட வேண்டும். சொந்தக் குரலுக்கு அங்கே கூலி இல்லை.

மாற்றம் வந்தது 2017-இல். இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து பாடகர்களைத் தேடின. அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து பெயரெடுத்து ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ உருவானது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில் முதல் நிகழ்ச்சி. 19 பேர் மேடையில் இருந்தார்கள். கானாக்காரர்கள் இருந்தார்கள், அறிவு போன்ற ராப் பாடகர் இருந்தார், கிட்டாரும் டிரம்ஸும் பக்கம் நிற்க, பறையும் சட்டியும் நடுவே முழங்கின. இட ஒதுக்கீடு, மலக்குழி மரணம், ஆணவக் கொலை, மாட்டிறைச்சி எல்லாம் பாட்டாயின. பத்தொன்பது பேரில் பெண் ஒருவர்தான், இசைவாணி.

இதைச் சாதனையாக மட்டும் எழுதிவிட்டுப் போவது சுலபம். சாதி ஒழிப்பைப் பாட வந்த குழுவிலும் பதினெட்டுக்கு ஒன்று என்ற கணக்குதான் இருந்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். ஆனால் என்ன நடந்தது என்பதைக் கவனியுங்கள். கானா மாலை நேர மைதானத்துக்கு வந்தது, நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள் முன் வந்தது, ஒத்திகை பார்த்த பாட்டாக வந்தது. சாவு வீட்டு வாசலை விட்டுக் கானா நகர்ந்த உடனேயே ஒரு பெண் அதைப் பாட முடிந்தது. டூயட்டுக்காகப் பழகிய தொண்டை சில மாதங்களில் தன் பேட்டைப் பேச்சில் பாடத் தொடங்கியது.

பெண் பாப் குழுக்களின் உலக வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் இதன் தனித்தன்மை விளங்கும். 1970-களின் இரண்டாம் பாதியில் நெதர்லாந்தில் ‘லவ்’ என்ற மூன்று பெண்கள் குழு கிளம்பியது. யோசே ஹூபே, பட்டி பிரார்ட், மார்கா ஸ்கைடே ஆகிய மூவரும் பாடினார்கள். பாட்டை எழுதித் தயாரித்தவர்கள் ஹான்ஸ் வான் ஹெமர்ட், பீட் சூவர் என்ற இரு ஆண்கள். 1978-இல் ஒரு நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரில் ஒலித்த பாட்டுதான் அவர்களுக்கு வழி திறந்தது. அதே ஆண்டு அவர்களின் இன்னொரு பாட்டு ஜெர்மனி வரை போய்ப் பட்டியலில் ஏறியது. தோற்றம், உடை, நடன அசைவு, தொலைக்காட்சி நேரம் எல்லாம் ஒரே திட்டத்தின் பகுதிகள். தொலைக்காட்சி அங்கே புகழின் முதல் படி. வடசென்னையில் அந்தப் படியே இல்லை. 1975-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் வந்தது, 1993-இல் சன் டிவி வந்தது, 2006-இல் ‘சூப்பர் சிங்கர்’ வந்தது. பாட்டுப் போட்டி என்றாலே கர்நாடகப் பயிற்சியும் சுத்தமான உச்சரிப்பும் அளவுகோல் என்றிருந்த அந்த நிகழ்ச்சிகளில், கானா பெரும்பாலும் சிறப்புச் சுற்றுக்கு உரிய மசாலாவாகத்தான் இருந்தது. ஆகவே இங்கே முதல் படியை ஒரு பண்பாட்டு இயக்கமும் யூடியூபும் சேர்ந்து அமைக்க வேண்டியிருந்தது. ஆங்கிலப் பத்திரிகைகள் அந்தக் குழுவைப் பற்றி எழுதின, அவற்றைப் படித்துத்தான் அயல்நாட்டு ஊடகம் தேடி வந்தது. தமிழ்ச் சேனல்களை விட லண்டன் முந்திக்கொண்டதில் அதிசயம் ஒன்றுமில்லை.

ஒப்பாரியும் உலகத்துக்குப் போனது, இன்னொரு சாலையில். 2021 மார்ச் 7 அன்று மாஜா தளத்தில் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’யை ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஈழத் தமிழ்ப் பாடகி தீயும் அறிவும் பாடினார்கள். தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் நினைவுகள் அதன் அடித்தளம். ஒப்பாரிச் சாயலும் உள்ளே இருக்கிறது. கோடிக்கணக்கானோர் அதைக் கேட்டார்கள். அதே ஆண்டு ஓர் இசை இதழின் அட்டைப்படத்தில் தீ இருந்து அறிவு இல்லாமல் போனதும், 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அதைப் பாடியதும் பெரிய வாக்குவாதமாயின. யார் பாட்டு, யார் முகம் என்ற அந்தச் சண்டை தேவா காலத்துத் தலைப்பு அட்டைகளிலேயே தொடங்கிய ஒன்றுதான்.

இந்தப் பின்னணியில் 2021 அக்டோபர் 3 அன்று கமல்ஹாசன் தொகுத்த ‘பிக் பாஸ்’ வீட்டுக்குள் இசைவாணி நுழைந்தார். அந்தப் பருவத்தில் மக்கள் கலையிலிருந்து வந்த பெண்கள் மூவர். நாட்டுப்புறப் பாடகி சின்னப்பொண்ணு, நாடகக் கலைஞர் தாமரைச்செல்வி, கானாப் பாடகி இசைவாணி. சின்னப்பொண்ணு 2008-இல் ‘நாக்க முக்க’ பாடியவர். சென்னைப் பதிப்புத் தொடங்கிய ஓர் ஆங்கில நாளிதழின் விளம்பரத்துக்கு அந்தப் பாட்டுப் பயன்பட்டு, 2009-இல் கேன்ஸ் விளம்பர விழாவில் தங்கம் வென்றது. அப்படிப்பட்டவர்களை ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு அந்த நிகழ்ச்சி கேட்டதென்னவோ வாழ்க்கைக் கதையைத்தான். வறுமை, கண்ணீர், சமையலறைச் சச்சரவு, யார் யாரோடு பேசவில்லை என்ற கணக்கு. ஏழு வாரம் இசைவாணி இருந்தார். ராயபுரம் என்ற ஊர்ப் பெயர் வீடு வீடாகப் போனது, அதை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனாலும் கானா அங்கே அவருடைய கலையாக வைக்கப்பட்டதைவிட, அடையாள அட்டையாகவே அதிகம் தொங்கவிடப்பட்டது. பாடகியைத் தொலைக்காட்சி ஏற்றுக்கொண்டது. பாட்டுக்குக் கொடுத்த நேரம் குறைவு. 2020 டிசம்பரில் நீலம் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ மேடைகளில் கானாவுக்குத் தனி நாள் ஒதுக்கியதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும்.

புகழுக்கு ஒரு விலையும் உண்டு. சபரிமலையில் எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று 2018 செப்டம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சூழலில் காஸ்ட்லெஸ் கலெக்டிவுக்காக இசைவாணி பாடியது ‘ஐ ஆம் சாரி ஐயப்பா’. ஆண்டுக்கணக்கில் யூடியூபில் கிடந்த பாட்டு அது. 2024 நவம்பரில், ஐயப்ப பக்தர்கள் மாலை போடும் கார்த்திகை மாதத்தில், திடீரென்று சமூக ஊடகத்தில் கிளப்பப்பட்டது. காவல் நிலையங்களில் புகார் போனது. சில புகார்களில் இரஞ்சித்தின் பெயரும் இருந்தது. ஆனால் ஆபாச வசையும் மிரட்டலும் தொலைபேசி வழியாகக் குறிவைத்தது பாடிய பெண்ணை. நீலம் அமைப்பு அவருக்கு ஆதரவாக அறிக்கை விட்டது. கலைஞர்களும் பேசினார்கள். சாவு வீட்டுக் கானாவில் கடவுளையும் எமனையும் வம்புக்கிழுத்துப் பாடிய ஆண்கள் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். அவர்கள்மேல் இப்படி ஒரு திரள் பாய்ந்ததில்லை. தெருவிலிருந்து மைதானத்துக்கு வந்ததால் பெண்ணுக்குக் கிடைத்த மேடை, மைதானத்திலிருந்து கைபேசித் திரைக்கு நகர்ந்தபோது மறுபடியும் இரவுத் தெருவின் குணத்தைக் காட்டியது.