வீட்டினுள் வை-ஃபை வீச்செல்லை

வீட்டினுள் வை-ஃபை வீச்செல்லை என்பது, திசைவி அல்லது ரவுட்டர் எனப்படும் கருவி அனுப்பும் வானொலி அலைகள் ஒரு வீட்டின் எந்தெந்தப் பகுதிகளில் பயன்படத்தக்க வலிமையுடன் கிடைக்கின்றன என்பதைக் குறிக்கும். வை-ஃபை தமிழில் அருகலை எனவும் அழைக்கப்படுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் திசைவி பெரும்பாலும் வாசலை ஒட்டிய கூடத்தில் பொருத்தப்படுவதால், தொலைவிலுள்ள படுக்கையறைகளில் இணைப்பு நலிவடைவது பரவலான சிக்கலாகும். இதற்குப் பெரும்பாலும் காரணமாவது திசைவியின் திறன் குறைவு அன்று. அலைகள் கடக்க வேண்டிய சுவர்களே ஆகும். எனவே, திறன் மிகுந்த புதிய கருவியை வாங்குவதைவிட, திசைவியை இடம் மாற்றுவதும் கம்பிவடம் வழியாக அலைமூலத்தை அறைக்கு அருகே கொண்டு செல்வதும் கூடுதல் பயன் தருகின்றன.

முக்கியத்துவம்

2020 மார்ச் மாதத்தில் கொரோனா தொற்றின் காரணமாகப் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டபோது, இணையவழி வகுப்புகள் தமிழ்நாடெங்கும் பரவின. வீட்டில் ஓசை குறைந்த இடம் பெரும்பாலும் உட்புறப் படுக்கையறையே. இணைப்பு மிகவும் நலிந்து காணப்படும் இடமும் அதுவே. இதனால் மாணவர்கள் தொலைக்காட்சி ஓடும் கூடத்தில் அமர்ந்து படிப்பதா, அடிக்கடி துண்டிக்கப்படும் இணைப்புடன் அறையில் படிப்பதா என்ற நிலை ஏற்பட்டது. இணையவழித் தேர்வு, வேலைக்கான நேர்காணல், மருத்துவருடனான காணொளி உரையாடல் ஆகியவற்றிலும் இதே சிக்கல் எழுகிறது. இத்தகைய வீடுகளில் பலர் இணைய நிறுவனத்தின் விலை கூடிய திட்டத்திற்கு மாறுகின்றனர். ஆயின் திட்டத்தின் வேகம் திசைவி வரை வரும் வேகம் மட்டுமே; திசைவிக்கும் அறைக்கும் இடைப்பட்ட இழப்பை அது ஈடு செய்வதில்லை.

வரலாறு

வானொலி அலைகள் சுவரை ஊடுருவும் என்பதைப் பொதுமக்கள் முன் காட்டியவர்களுள் ஜகதீஷ் சந்திர போஸ் முன்னோடி ஆவார். 1890களின் நடுப்பகுதியில் கல்கத்தா நகர மண்டபத்தில், நுண்ணலைகளைச் சுவர்களின் ஊடாகச் செலுத்தி, தொலைவிலிருந்த மணியை அவர் ஒலிக்கச் செய்தார்.

கணினிகளைக் கம்பியின்றி இணைப்பதற்கான ஐ.இ.இ.இ. 802.11 சீர்தரம் 1997 ஆம் ஆண்டில் வெளியானது. 1999 இல் 802.11பி வெளியானது, வை-ஃபை என்ற பெயரும் அதே ஆண்டில் வழக்கிற்கு வந்தது. 2009 இல் 802.11என், 2013 இல் 802.11ஏசி, 2021 இல் 802.11ஏஎக்ஸ் ஆகியன ஏற்கப்பட்டன. இவை முறையே வை-ஃபை 4, வை-ஃபை 5, வை-ஃபை 6 என அழைக்கப்படுகின்றன.

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்சுப் பட்டையில் குறைந்த திறன் கருவிகளை உரிமமின்றிப் பயன்படுத்த 2005 சனவரியில் வெளியான விதிகள் வழிவகுத்தன. 5 கிகாஹெர்ட்சுப் பட்டையின் பெரும்பகுதி 2018 அக்டோபரில் உரிம விலக்குப் பெற்றது. இவ்விதிகள் கருவியின் திறனுக்கு உச்சவரம்பு விதிக்கின்றன. ஆகவே திறனைக் கூட்டிக்கொண்டே செல்வது சட்டப்படியும் இயலாது.

அலை மெலிவதற்கான காரணங்கள்

தொலைவு: தடையற்ற வெளியில் தொலைவு இரு மடங்கானால், கிடைக்கும் திறன் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. இது 6 டெசிபெல் இழப்பாகும்.

சுவர்: தமிழ்நாட்டு வீடுகளில் வெளிச்சுவரும் சுமைதாங்கும் சுவரும் ஒன்பது அங்குலச் செங்கற் சுவர்களாகவும், அறைத் தடுப்புகள் நாலரை அங்குலச் சுவர்களாகவும் அமைவது வழக்கம். மேலை நாடுகளின் பல வீடுகளில் உட்சுவர்கள் மரச்சட்டத்தில் பொருத்திய மெல்லிய அட்டைகளால் ஆனவை. அவ்வகை வீடுகளை நோக்கிக் குறிப்பிடப்படும் வீச்செல்லை, செங்கல் வீட்டிற்குப் பொருந்துவதில்லை. கம்பி பொதிந்த கான்கிரீட் தூண், தளம், பரண் ஆகியன செங்கல்லைவிட மிகுதியாக அலையைத் தடுக்கின்றன.

சாய்வு: அலை சுவரை நேராகக் கடக்கும்போது இழப்பு குறைவு. சாய்வாகக் கடக்கும்போது சுவரினுள் செல்லும் பாதை நீள்கிறது. இதனால் அதே சுவர் அலைக்குக் கூடுதல் தடிப்புள்ள சுவர் போலாகிறது.

உலோகமும் நீரும்: இரும்பு பீரோ, குளிர்பதனப் பெட்டி, பெரிய நிலைக்கண்ணாடியின் பின்பூச்சு ஆகியன அலையைத் தெறிக்கச் செய்கின்றன. மீன்தொட்டி, நீர்த்தொட்டி, மனித உடல் ஆகியன அலையை உட்கவர்கின்றன.

குறுக்கீடு: 2.4 கிகாஹெர்ட்சுப் பட்டையில் ஒன்றன்மேல் ஒன்று படியாத அலைத்தடங்கள் 1, 6, 11 என மூன்று மட்டுமே. அடுக்குமாடியில் அண்டை வீட்டுத் திசைவிகள் அனைத்தும் இம்மூன்றையே பகிர்ந்துகொள்கின்றன. நுண்ணலை அடுப்பும் புளூடூத் கருவிகளும் இதே பட்டையில் இயங்குகின்றன.

இரு பட்டைகள்: 2.4 கிகாஹெர்ட்சு அலை சுவர்களைக் கடந்து கூடுதல் தொலைவு செல்லும். ஆனால் நெரிசல் மிக்கது, வேகம் குறைந்தது. 5 கிகாஹெர்ட்சு அலை வேகம் மிக்கது. ஆனால் சுவர்களில் விரைவாக மெலிகிறது.

அளவீடு

கிடைக்கும் அலையின் வலிமை டெசிபெல்-மில்லிவாட் என்னும் அலகில் கூறப்படுகிறது. இது எதிர்ம எண்ணாக இருக்கும். சுழியத்திற்கு நெருங்க நெருங்க வலிமை மிகும். வீடுகளில் பின்வரும் நிலைகள் நடைமுறை வழிகாட்டியாகக் கொள்ளப்படுகின்றன.

- −50 அல்லது அதற்கு மேல்: மிக நன்று
- −67 வரை: காணொளி உரையாடலுக்குப் போதுமானது
- −70 முதல் −80 வரை: நலிந்தது, பக்கங்கள் தாமதமாகத் திறக்கும்
- −80 க்குக் கீழ்: இணைப்பு அடிக்கடி அறுபடும்

3 டெசிபெல் உயர்வு என்பது திறன் இரு மடங்காவதைக் குறிக்கும். 10 டெசிபெல் உயர்வு பத்து மடங்கையும், 20 டெசிபெல் உயர்வு நூறு மடங்கையும் குறிக்கும். திறன்பேசிகளில் இயங்கும் இலவச வை-ஃபை பகுப்பாய்வுச் செயலிகள் மூலம் இவ்வளவை ஒவ்வோர் அறையிலும் காணலாம்.

எடுத்துக்காட்டு: திருவண்ணாமலையில் ஓர் அடுக்ககம்

திருவண்ணாமலை அண்ணாமலையார் கோயிலால் அறியப்படும் நகரமாகும். 2024 இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. 14 கி.மீ. நீளமுள்ள கிரிவலப் பாதை இம்மலையைச் சுற்றி அமைந்துள்ளது. மலையின் கிழக்கே உள்ள ஓர் அலைபரப்புக் கோபுரத்தின் அலை பாறையைத் துளைத்து மேற்கே செல்லாது; மேற்குப் பகுதிக்குத் தனிக் கோபுரம் தேவை. வீட்டினுள் உள்ள சிக்கலும் அதன் தீர்வும் இதையே சிறிய அளவில் ஒத்தவை.

இத்தகைய நகரத்தில் உள்ள செங்கற் சுவர் அடுக்ககம் ஒன்றைக் கணக்கீட்டிற்காகக் கற்பனை செய்துகொள்ளலாம். ஒளியிழை வாசல் வழியே நுழைந்து, திசைவி கூடத்தில் தொலைக்காட்சியின் அருகே உள்ளது. கடைசிப் படுக்கையறை 12 மீட்டர் தொலைவில் உள்ளது. இடையே சமையலறையின் ஒன்பது அங்குலச் சுவர் ஒன்றும், குளியலறையின் நாலரை அங்குலச் சுவர்கள் இரண்டும் உள்ளன. திசைவியின் திறன் 20 டெசிபெல்-மில்லிவாட், அதாவது 100 மில்லிவாட் எனக் கொள்ளப்படுகிறது. சுவர் இழப்பு 2.4 கிகாஹெர்ட்சில் முறையே 8, 4 டெசிபெல் எனவும், 5 கிகாஹெர்ட்சில் முறையே 14, 7 டெசிபெல் எனவும் தோராயமாகக் கொள்ளப்படுகிறது.

முதல் மீட்டரில் மட்டும் 2.4 கிகாஹெர்ட்சு அலை சுமார் 40 டெசிபெல்லும், 5 கிகாஹெர்ட்சு அலை சுமார் 47 டெசிபெல்லும் இழக்கின்றன. எஞ்சிய தொலைவு மேலும் 22 டெசிபெல் இழப்பைத் தருகிறது.

- 2.4 கிகாஹெர்ட்சு: 20 − 40 − 22 − 16 = −58
- 5 கிகாஹெர்ட்சு: 20 − 47 − 22 − 28 = −77

முதலாவது பட்டையில் அறையில் இணைப்பு கிடைக்கிறது. வேகம் மிக்க இரண்டாவது பட்டை ஏறத்தாழப் பயனற்றதாகிறது. இப்போது திசைவியை அறைகளுக்கு இடைப்பட்ட நடைவழிக்கு மாற்றினால், தொலைவு 6 மீட்டராகவும், தடை ஒரேயொரு நாலரை அங்குலச் சுவராகவும் குறைகின்றன.

- 5 கிகாஹெர்ட்சு: 20 − 47 − 16 − 7 = −50

−77 இலிருந்து −50 வரையிலான உயர்வு 27 டெசிபெல். அதாவது சுமார் 500 மடங்கு. இதே பயனைத் திறனைக் கூட்டிப் பெற வேண்டுமானால் 100 மில்லிவாட் திசைவிக்குப் பதிலாக 50 வாட் திசைவி வேண்டும். சில மீட்டர் வடம் செய்யும் பணியை எந்தத் திசைவியாலும் செய்ய இயலாது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

இருவழித் தொடர்பு

வை-ஃபை இருவழித் தொடர்பாகும். திசைவி பேசுவதைத் திறன்பேசி கேட்பது மட்டும் போதாது. திறன்பேசி பேசுவதைத் திசைவியும் கேட்க வேண்டும். சிறிய மின்கலத்தில் இயங்கும் திறன்பேசியின் திறன் பொதுவாகத் திசைவியினும் குறைவு. திசைவியின் திறனை மட்டும் உயர்த்தினால், திறன்பேசியில் எல்லாக் கோடுகளும் நிறைந்து தெரியும். ஆயினும் இணையம் இயங்காது. மாறாக, தொலைவையும் சுவரையும் குறைத்தால் இரு திசைகளும் ஒரே அளவில் பயன்பெறுகின்றன.

சிக்கலை அறிதல்

தீர்வைத் தேடும் முன் குறை எங்குள்ளது என்பதை அறிதல் வேண்டும். முதலில் ஒரு மடிக்கணினியை வடம் மூலம் திசைவியுடன் இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். அங்கேயே வேகம் குறைவெனில் குறை இணைய நிறுவனத்தின் இணைப்பில் உள்ளது. வேகம் சரியாக இருப்பின், திசைவியின் அருகே வை-ஃபை மூலமும், பின்னர் படுக்கையறையில் கதவைத் திறந்தும் மூடியும் அளக்க வேண்டும். அறையில் அலை வலிமை −70 க்குக் கீழ் எனில் சிக்கல் சுவரும் தொலைவும் ஆகும். வலிமை நன்றாக இருந்தும் மாலை வேளைகளில் மட்டும் வேகம் குறைந்தால், அண்டை வீடுகளின் குறுக்கீடோ நிறுவனத்தின் நெரிசலோ காரணமாகலாம்.

தீர்வுகள்

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவது நல்லது.

1. இடமாற்றம்: திசைவியை வீட்டின் நடுப்பகுதியில், தரையிலிருந்து சுமார் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், திறந்த இடத்தில் வைக்க வேண்டும். தொலைக்காட்சியின் பின்புறம், மரப்பேழையின் உட்புறம், பரணின் மேல் ஆகிய இடங்களைத் தவிர்க்க வேண்டும். பீரோ குறுக்கே இருப்பின் அதை நகர்த்துவதும் பயன் தரும். ஒளியிழையை நீட்ட இணைய நிறுவனத்தின் பணியாளர் உதவி தேவை. ஒளியிழையைக் கூர்மையாக மடித்தல் கூடாது.

2. பட்டைத் தேர்வு: சுவர்கள் பல கடந்த அறையில் 2.4 கிகாஹெர்ட்சையும், திசைவி தெரியும் இடங்களில் 5 கிகாஹெர்ட்சையும் பயன்படுத்தலாம். 2.4 கிகாஹெர்ட்சில் அகலத்தை 20 மெகாஹெர்ட்சாக வைத்து, நெரிசல் குறைந்த அலைத்தடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

3. கம்பிவழி அணுகல் புள்ளி: நிலையான தீர்வு இதுவே. கேட்-5இ அல்லது கேட்-6 வடத்தைப் படுக்கையறை வரை கொண்டு சென்று, அங்கே இரண்டாவது திசைவியை இணைப்பதாகும். இவ்வடம் 100 மீட்டர் வரை செல்லும். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்காமல், கதவு நிலையின் மேலாகவும் தரையோரமாகவும் ஒட்டிச் செல்லலாம். மின்கம்பிகள் செல்லும் குழாயினுள் இவ்வடத்தைச் செலுத்துதல் கூடாது. பயனற்றுக் கிடக்கும் பழைய திசைவியையும் இதற்குப் பயன்படுத்தலாம். அதன் முகவரியை முதன்மைத் திசைவியின் முகவரியிலிருந்து வேறுபடுத்தி, முகவரி வழங்கும் டிஎச்சிபி பணியை நிறுத்தி, வடத்தை லேன் துளையில் செருக வேண்டும். பெயரும் கடவுச்சொல்லும் பாதுகாப்பு முறையும் முதன்மைத் திசைவியை ஒத்தும், அலைத்தடம் வேறுபட்டும் இருத்தல் வேண்டும்.

4. மெஷ் அமைப்பு: இரண்டு அல்லது மூன்று கருவிகள் ஒரே பிணையமாக இயங்குவது. கருவிகளுக்கிடையே தனி அலைப்பட்டையோ வடமோ இருப்பின் சிறப்பாக இயங்கும். விலை கூடுதல்.

5. மீள்செலுத்தி: அலையைப் பெற்று மீண்டும் அனுப்பும் சிறு கருவி. ஒரே அலைத்தடத்தில் இரு முறை அனுப்ப வேண்டியிருப்பதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. இதை அலை கிடைக்காத அறையினுள் வைப்பது பரவலான தவறாகும். நலிந்த அலையைப் பெறும் கருவி நலிந்த இணைப்பையே மீண்டும் தரும். திசைவிக்கும் அறைக்கும் நடுவே, அலை இன்னும் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

6. மின்கம்பிவழி இணைப்பு: வீட்டின் மின்கம்பிகள் வழியே தரவை அனுப்பும் கருவிகள் உள்ளன. மும்முனை மின்சாரமுள்ள வீடுகளில் இரு அறைகள் வெவ்வேறு முனைகளில் அமைந்தால் இவை சரிவர இயங்காமல் போகலாம். ஆகவே திருப்பித் தரும் வாய்ப்புடன் வாங்குவது நல்லது.

மின்தடையும் வை-ஃபையும்

மின்தடையின்போது ஒளியிழைக் கருவி, திசைவி, இரண்டாவது அணுகல் புள்ளி ஆகிய மூன்றும் இயங்கினால்தான் படுக்கையறையில் இணையம் கிடைக்கும். கூடத்துக் கருவிகள் மட்டும் இன்வெர்ட்டர் இணைப்பில் இருந்து, படுக்கையறைக் கருவி சாதாரண மின்செருகியில் இருந்தால் பயனில்லை. இன்வெர்ட்டர் இல்லாத வீடுகளில் திசைவிக்கென விற்கப்படும் சிறு மின்கலப் பெட்டிகளைப் பயன்படுத்தலாம். கருவியின் மின்னழுத்த அளவும் பெட்டியின் அளவும் ஒத்திருத்தல் வேண்டும்.

தவறான கருத்துகள்

- ஆன்டெனாக்களின் எண்ணிக்கை கூடினால் வீச்செல்லையும் அதே விகிதத்தில் கூடும் என்பது சரியன்று. பல ஆன்டெனாக்கள் பெரும்பாலும் வேகத்தை உயர்த்தவே பயன்படுகின்றன.
- திசைவியின் பின்னே அலுமினியத் தாள் வைப்பது ஒரு திசையில் சிறிது உதவலாம். அதே வேளையில் மறுதிசை அறைகளுக்கு அலையைத் தடுக்கும்.
- வை-ஃபை மீள்செலுத்தியும் கைப்பேசி அலைபெருக்கியும் ஒன்றல்ல. முன்னது உரிம விலக்குப் பெற்ற பட்டையில் இயங்குவது. பின்னதைத் தனிநபர் உரிமமின்றி நிறுவுவது இந்தியாவில் சட்டத்திற்குப் புறம்பானது. அது சுற்றுப்புறத்தாரின் கைப்பேசிச் சேவையையும் கெடுக்கக்கூடும்.

இவற்றையும் பார்க்க

- வானொலி அலை
- டெசிபெல்
- ஒளியிழை
- ஜகதீஷ் சந்திர போஸ்
- திருவண்ணாமலை