கண்ணாடிகளின் வம்சாவளி

டிஜிட்டல் காமிரா ஒன்றைப் புதிதாக வாங்கிய ஒருவர், அதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டிய லென்ஸ்கள் எவை, ஃபில்டர்கள் எவை, இதர உபகரணங்கள் எவை என்று விசாரிக்கப் புகுந்தால், கடையில் அடுக்கிவைத்திருக்கும் சரக்கின் பெருக்கமே அவரைத் திகைக்கவைத்துவிடும். அந்தத் திகைப்பைத் தீர்ப்பதற்கு விலைப்பட்டியலைக் காட்டிலும் சரித்திரம் நல்ல துணை என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், கடைக்காரர் நம்முன் எடுத்துவைக்கும் ஒவ்வொரு கண்ணாடியும் ஏதோ ஒரு காலத்தில், படமெடுக்கும் தொழிலில் குறுக்கே நின்ற ஏதோ ஒரு தடையை நீக்குவதற்காகவே பிறந்தது. அந்தத் தடை நமக்கும் உண்டா என்று கேட்டுக்கொண்டால், அந்தக் கண்ணாடி நமக்கு வேண்டுமா என்பதற்கு விடை தானே கிடைத்துவிடும்.

முதல் தடை வெளிச்சக் குறைவு. 1839-ஆம் ஆண்டில் டாகேரின் புகைப்பட முறை பாரிஸ் நகரில் வெளியிடப்பட்டபோது, அவருடைய காமிராவுக்கென ஷெவாலியே என்பவர் செய்துகொடுத்த லென்ஸின் ஒளி புகும் வாய் மிகக் குறுகியதாக இருந்தபடியால், நல்ல வெயிலிலும் தகட்டைப் பல நிமிஷங்கள் திறந்துவைக்க வேண்டியிருந்தது. கட்டடங்கள் அதற்குப் பொறுத்து நின்றன; மனிதர் முகங்கள் நிற்கவில்லை. படத்துக்கு உட்காருபவரின் தலை அசையாதபடி பின்புறத்திலிருந்து இரும்புக் கவட்டையால் தாங்கிப்பிடிக்கும் வழக்கம் இதனாலேயே தோன்றியது. இந்தச் சங்கடத்தைத் தீர்த்துவைத்தவர் வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜோசப் பெட்ஸ்வால். தேய்த்துப் பார்த்தும் திருத்திப் பார்த்தும் அனுபவத்தால் லென்ஸ் செய்துவந்த காலத்தில், ஒவ்வொரு கிரணமும் கண்ணாடிக்குள் எவ்வாறு வளைந்து செல்லும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, அந்தக் கணக்கின்படியே லென்ஸை வகுத்தார் அவர். இந்தப் பெருங்கணக்கைப் போட்டு முடிக்க, ஆஸ்திரியப் பீரங்கிப் படையில் கணிதம் தேர்ந்த வீரர்கள் அவருக்கு உதவியாக அனுப்பப்பட்டார்கள். 1840-இல் அந்த லென்ஸ் உருவாயிற்று. எஃப் 3.6 என்ற அகன்ற வாய் (இந்த எண் குறையக் குறைய வாய் அகலும்) கொண்ட அது, முந்தியதைவிட ஏறத்தாழ இருபது மடங்கு ஒளியை உள்ளே விட்டது. அதன் படத்தில் நடுப்பாகம் கூர்மையாகவும் ஓரங்கள் குழைந்தும் விழுந்தன. எனினும் முகம் நடுவில் இருக்குமாதலால், உருவப்படத்துக்கு அது குறையாகத் தோன்றவில்லை. இன்று 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 என்று மலிவாகக் கிடைக்கும் லென்ஸ் அமைப்பில் வேறானாலும், அதைப் பிறப்பித்த ஆசை பெட்ஸ்வாலின் ஆசையே. மங்கலான கூடத்தில் பிளாஷ் இல்லாமல் குழந்தையின் முகத்தை எடுக்க விரும்புகிறவர் முதலில் வாங்கத்தக்கது இதுதான்.

ஓரம் வரையில் ஒரே சீராகக் கூர்மை வேண்டும் என்பது அடுத்த தலைமுறையின் ஆசை. அதற்குக் கணக்கு மட்டும் போதவில்லை; புதிய கண்ணாடியே தேவைப்பட்டது. 1884-இல் ஜெர்மனியில் ஜெனா நகரத்தில் ஓட்டோ ஷாட், எர்ன்ஸ்ட் ஆபே முதலியோர் நிறுவிய கண்ணாடிச் சாலையில், பேரியம் முதலிய பொருள்களைச் சேர்த்து, அதுவரை இல்லாத குணங்களையுடைய கண்ணாடிகளை வார்த்தெடுத்தார்கள். அவற்றைக் கொண்டு ஜைஸ் ஸ்தாபனத்தின் பால் ருடால்ஃப், 1890-இல் ஓரக் குறைகள் நீங்கிய லென்ஸையும், 1902-இல் நான்கே கண்ணாடிகளால் ஆன டெஸ்ஸார் லென்ஸையும் வகுத்தார். எளிய அமைப்பில் உயர்ந்த குணம் என்பதற்கு டெஸ்ஸார் நெடுங்காலம் உதாரணமாக விளங்கிற்று.

எந்த லென்ஸை வாங்குவது என்ற கேள்வி சாதாரண மனிதரின் கேள்வியானது அதற்குப் பிறகுதான். ஆஸ்கார் பார்னாக் என்னும் தொழில்நுட்பர் சினிமாப் பிலிமைக் கொண்டு உருவாக்கிய லைக்கா காமிரா 1925-இல் விற்பனைக்கு வந்தது. அதன் படச்சட்டம் 24-க்கு 36 மில்லிமீட்டர். 1930 முதல் அதன் லென்ஸைத் திருகிக் கழற்றி வேறொன்றை மாட்ட முடிந்தது. கைக்கு அடக்கமான ஒரு காமிராவைக் கொண்டே, அகன்ற காட்சிக்கு ஒன்று, தூரத்துப் பொருளுக்கு ஒன்று என்று வகைக்கு ஒரு கண்ணாடியைச் சேர்க்கும் பழக்கம் இங்ஙனம் பரவியது. 1959-இல் வெளிவந்த நிக்கான் எஃப் காமிராவின் லென்ஸ் பூட்டு, சிற்சில மாறுதல்களோடு அந்த நிறுவனத்தின் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராக்கள் வரையில் தொடர்ந்து வந்தது. ஆகவே காமிராவைத் தேர்ந்தெடுக்கும்போதே அதன் பூட்டையும், அந்தப் பூட்டுக்குக் கிடைக்கும் லென்ஸ் குடும்பத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம் என்பதை மறக்கலாகாது. காமிரா சில ஆண்டுகளில் பழசாகும், நல்ல லென்ஸ் பல காமிராக்களைக் கண்டுவிடும்.

ஸூம் லென்ஸ் நிழற்படக் காமிராவுக்கு வந்ததும் அதே 1959-இல்தான். ஃபோக்ட்லேண்டர் நிறுவனம் வெளியிட்ட ஸூமார், 36 முதல் 82 மில்லிமீட்டர் வரையில் நீண்டு சுருங்கியது. ஆரம்பத்து ஸூம் லென்ஸ்கள் கூர்மையில் பின்தங்கியவை என்று நிபுணர்கள் ஒதுக்கினார்கள். பீரங்கிப் படை வீரர்கள் செய்த கணக்கைக் கம்ப்யூட்டர் செய்யத் தொடங்கியபின் அந்தக் குறை படிப்படியாகக் குறைந்தது. 2003-இல் கேனன் 300டி காமிரா 18-55 மில்லிமீட்டர் ஸூம் லென்ஸோடு வந்தது முதல், அத்தகைய லென்ஸ் புதியவரின் முதல் லென்ஸாக நிலைபெற்றுவிட்டது. காமிராவோடு வருவதென்பதற்காக அதைத் தாழ்வாக எண்ணுவது அநியாயம். அதைக் கொண்டு சில மாதங்கள் பழகினால்தான், நமக்கு இன்னும் வெளிச்சம் வேண்டுமா, இன்னும் தூரம் வேண்டுமா என்பது தெளிவாகும். புதியவர்களின் காமிராக்களில் பெரும்பாலும் சென்சார் லைக்காவின் படச்சட்டத்தைவிடச் சிறியது. ஆகையால் 50 மில்லிமீட்டர் லென்ஸ் அவற்றில் 75 அல்லது 80 மில்லிமீட்டர் லென்ஸைப் போலக் காட்சியைக் குறுக்கிக் காட்டும் என்பதையும் வாங்கும்போதே நினைவில் வைக்க வேண்டும்.

இனி ஃபில்டர்கள். பழைய ரசாயனத் தகடுகள் நீல ஒளிக்கு மட்டுமே மிகுதியாக வசப்பட்டவை. ஆகவே நீல வானம் படத்தில் வெறும் வெள்ளைத் தாளாக விழுந்தது. பிற்பாடு சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக மதுரைக் கோயிலையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் படமெடுத்த லின்னேயஸ் ட்ரைப், 1855-இல் பர்மாவில் எடுத்த தம் காகித நெகட்டிவ்களில் மேகங்களைத் தூரிகையால் தீட்டிச் சேர்த்தார்; வானத்தை வானமாகக் காட்ட அவர் கைக்கொண்ட வழி அது. 1873-இல் பெர்லினில் ஹெர்மன் ஃபோகல், சாயப் பொருள்களைக் கலந்து தகட்டுக்குப் பச்சை முதலிய வர்ணங்களையும் உணர்த்தலாம் என்று கண்டறிந்தார். அதன்பின் ஒரு மஞ்சள் கண்ணாடி நீலத்தை மட்டுப்படுத்தி, மேகத்தை எடுத்துக்காட்ட முடிந்தது. 1927-இல் கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஹாஃப் டோம் என்னும் பாறை மலையின் முன் நின்ற ஆன்சல் ஆடம்ஸ், மஞ்சள் ஃபில்டரோடு ஒரு தகட்டை எடுத்த பிறகு, தம் மனத்தில் எழுந்த கம்பீரம் அதில் வராது என்று உணர்ந்து, எஞ்சியிருந்த கடைசித் தகட்டுக்கு ஆழ்ந்த சிவப்பு ஃபில்டரைப் போட்டார். வானம் ஏறத்தாழக் கருமையாக விழ, பாறை அதன்மேல் எழுந்து நின்றது.

அந்த மஞ்சளும் சிவப்பும் டிஜிட்டல் காமிராக்காரருக்கு இன்று பெரும்பாலும் வேண்டியதில்லை. வர்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது, அதே காரியத்தைக் கம்ப்யூட்டரில் செய்துகொள்ளலாம். பகல் ஒளிக்கென்று செய்த பிலிமை மின்விளக்கில் பயன்படுத்துவதற்காக இருந்த நீல ஃபில்டரின் வேலையை, வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பப் படத்தைச் சரிசெய்யும் காமிராவின் ஒயிட் பேலன்ஸ் ஏற்றுக்கொண்டது. புற ஊதாக் கதிர்களைத் தடுத்த யூ.வி. ஃபில்டர், சென்சாரின் முன்னேயே தடுப்பு இருப்பதால், கடற்கரை மணலிலிருந்தும் உப்புக் காற்றிலிருந்தும் லென்ஸின் முகத்தைக் காப்பதற்கு மட்டுமே பிரயோஜனப்படுகிறது.

பின்னால் சேர்க்க முடியாதது எதுவோ அதற்குத்தான் காசு கொடுக்க வேண்டும். எட்வின் லேண்ட் 1929-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த போலராய்ட் தகட்டிலிருந்து வந்த போலரைசர், குளத்து நீரின் மேலும் ஈர இலைகளின் மேலும் பளபளக்கும் பிரதிபலிப்பைத் தடுத்து, அடியிலுள்ளதைக் காட்டுகிறது. மறைந்தே போன அடித்தளத்தை எந்தக் கம்ப்யூட்டரும் மீட்டுத் தராது. இந்த வகையில் சர்க்குலர் என்று குறித்திருப்பதையே வாங்க வேண்டும், மற்றது எஸ்.எல்.ஆர். காமிராவின் தானியங்கிக் கூர்மையைக் குழப்பக்கூடும். அருவியின் நீரைப் பட்டுத் துணியைப்போல் வழியவைக்க நெடுநேரம் திறந்துவைப்பதற்கு, ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டரும், டாகேர் காலம் முதல் கூடவே வந்திருக்கும் முக்காலியும் வேண்டும்.

எந்த ஃபில்டரானாலும் பூச்சு உடையதாக இருக்கட்டும். பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பியடிக்கும். பத்து முகங்கள் சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்கு வீணாகும், அதில் ஒரு பகுதி உள்ளேயே சிதறிப் படத்தை வெளுக்கவைக்கும். 1935-இல் ஜைஸ் ஸ்தாபனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்ட மெல்லிய பூச்சே இந்த நஷ்டத்தைத் தடுத்தது. அவ்வளவு பாடுபட்டுச் செய்த லென்ஸின் முன்னே பூச்சற்ற மலிவுக் கண்ணாடியை மாட்டுவது, அந்த உழைப்பைக் கெடுப்பதாகும். பக்கவாட்டு வெயிலைத் தடுக்கும் ஹூட் விலையில் சிறியது, பயனில் பெரியது. சென்னையைப் போன்ற ஈரக் காற்றுள்ள ஊர்களில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்குமாதலால், காற்றுப் புகாத டப்பாவும் சிலிகா ஜெல்லும் இங்கே ஆடம்பரமல்ல, அவசியம்.

இந்தக் கண்ணாடிகளைச் செய்தவர் ஒவ்வொருவரும் தாம் காண விரும்பியதை முதலில் அறிந்திருந்தார்கள்; கருவி அதன்பின் வந்தது. புதியவரும் அந்த வரிசையிலேயே செல்லட்டும். இருக்கும் லென்ஸைக் கொண்டு நிறைய எடுக்கட்டும். எடுத்த படங்களில் எது குறைகிறது என்று ஆராயட்டும். அந்தக் குறைக்குப் பெயர் சொல்ல முடிந்த நாளில் கடைக்குப் போகட்டும். அப்போது அவர் வாங்குவது ஒன்றே ஆனாலும், அது அவருக்கு நெடுநாள் உழைக்கும்.