பூஜ்யத்தின் கணக்குப்பிள்ளைகள்

சேர்வராயன் மலையில் வெள்ளக்கடைப் பக்கம் ஒரு நண்பரின் வீட்டில் தங்கியிருக்கிறேன். சுற்றிலும் காப்பி, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகு. நேற்று ராத்திரி கரண்ட் போய்விட்டது. 'மழைன்னா நின்னுடும் தம்பி, காலைல வந்துடும்' என்றார் நண்பரின் அம்மா, வெகு சாதாரணமாக. எனக்கு உறைத்தது வேறு. இந்த மலை மின்சாரத்துக்கு என்ன கொடுத்தது என்பதை நம்முடைய அணு எதிர்ப்புப் பேச்சும் பேசவில்லை, ஆதரவுப் பேச்சும் பேசவில்லை.

1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. அதன் கீழே 1965-இல் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கான பாக்சைட் இந்த மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் வெட்டப்பட்டது. ஒரு கிலோ அலுமினியம் பிரிக்கச் சுமார் 14, 15 யூனிட் மின்சாரம் வேண்டும். அலுமினியம் என்பதே உறைந்த மின்சாரம்தான். நாடெங்கும் மின்சாரத்தைச் சுமந்து போகும் கம்பியும் அலுமினியம். 1995-இல் கம்பெனி ஸ்டெர்லைட் கைக்குப் போயிற்று, 2008-இல் உருக்காலை நின்றது. அங்கேயே இருந்த நிலக்கரி மின்நிலையம் மட்டும் ஓடி, மின்சாரம் விற்றது. இன்று சூரியத் தகட்டின் சட்டமும் அதே உலோகம். பசுமைக்கும் எங்கோ ஒரு மலை வெட்டுப்பட வேண்டியிருக்கிறது என்பதை நம் தோழர்கள் ஒத்துக்கொள்ளத் தயங்குகிறார்கள்.

2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் 2070-க்குள் நிகர பூஜ்யம் என்று இந்தியா அறிவித்தது. (பூஜ்யம் என்றால் வணக்கத்துக்குரியது என்றும் பொருள். தனித்தமிழ் அன்பர்கள் சுழியம் என்பார்கள். எனக்கென்னவோ முந்தைய சொல்லே பொருத்தமாகப் படுகிறது, கும்பிடத்தானே சொல்கிறார்கள்.) 2025 பட்ஜெட்டில் 2047-க்குள் ஒரு லட்சம் மெகாவாட் அணுமின்சாரம் என்றார்கள். அப்போது இருந்தது சுமார் எட்டாயிரம். அவ்வாண்டு டிசம்பரில் 1962-இன் அணுசக்திச் சட்டம் நீக்கப்பட்டு, தனியாருக்கு வழி திறக்கப்பட்டது. புதிய சட்டத்துக்குச் சூட்டிய பெயர் சாந்தி!

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2012-இல் நான் எம்.ஏ. தமிழ் மாணவன். இடிந்தகரைக்கு ஆதரவாகத் துண்டறிக்கை கொடுத்தேன், கூட்டங்களில் பேசினேன். 'யுரேனியம் தோண்டுவது முதல் கணக்குப் போட்டால் அணுமின்சாரமும் நிலக்கரி அளவுக்குக் கரி கக்கும்' என்பது என் வழக்கமான வாக்கியம். அது தப்பு. 2014-இன் ஐபிசிசி அறிக்கைப்படி, ஆயுள் முழுக்கக் கணக்கிட்டாலும் ஒரு யூனிட்டுக்கு அணு 12 கிராம், காற்றாலை 11, நிலக்கரி 820. கைதட்டல் கிடைத்தது என்பதற்காக ஒரு பொய்யைத் தூக்கிச் சுமக்க முடியாது. 2023-இல் கடைசி உலைகளை மூடிய ஜெர்மனி இன்னும் நிலக்கரியை விட்டுவிடவில்லை என்பதும் சேர்த்துப் பார்க்க வேண்டியதே.

ஆனால் 'அணுவும் காற்றும் கைகோர்த்து' என்கிற புதிய கதையாடலில் அந்த 'உம்' எங்கிருந்து வந்தது? 1986-ஐ எடுத்துக்கொள்வோம். ஏப்ரலில் செர்னோபில். அதே ஆண்டு தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை. 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்டது கூடங்குளத்துக்கு. 1989 மே முதல் நாள், கன்னியாகுமரியில் முடிந்த மீனவர் நடைப்பயணத்தின் மீது துப்பாக்கிச் சூடு. 2011 செப்டம்பரில் அச்சம் தீரும்வரை பணியை நிறுத்தச் சொன்ன மாநில அமைச்சரவை, 2012 மார்ச் 19-இல் திறக்கச் சொன்னது. சங்கரன்கோவில் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு அதற்கு முந்தின நாள்.

அந்த ஆண்டின் மின்வெட்டு நம் எல்லோர் உடம்பிலும் இருக்கிறது. புழுங்கிக் கிடந்த ஊர்களிடம், இடிந்தகரைதான் உங்கள் மின்விசிறியை நிறுத்தியது என்று சொல்லப்பட்டது. ஆனால் காற்று சீசனில் தென்மாவட்டக் காற்றாலைகள் தர முடிந்ததைக் கொண்டுவரப் போதுமான மின்பாதை இல்லாமல் சுழலிகளை நிறுத்தி வைத்தார்கள். இருந்த மின்சாரத்துக்குக் கம்பி போடாதவர்கள்தான் உலைக்குப் போலீசு போட்டார்கள்.

காற்று மே முதல் செப்டம்பர் வரை, வெயில் பகலில் மட்டும். அணு உலை ராப்பகலாக ஓடும். ஆகவே ஒன்றுக்கொன்று துணை என்கிறார்கள். பாதி உண்மை. உலையை நினைத்தபோது ஏற்றி இறக்குவது நம் நடைமுறையில் இல்லை. ஆடிக்காற்றில் உற்பத்தி மிஞ்சினால் இறங்கிப் போகச் சொல்லப்படுவது காற்றாலைதான். காற்றுக்கு உண்மையான துணை, மிஞ்சியதைச் சேர்த்து வைத்து மாலையில் திருப்பித் தருவது: மின்கலம், அல்லது நீரேற்று நிலையம். நீலகிரியில் குந்தாவில் எடுத்துக்கொண்டிருப்பது 500 மெகாவாட். கூடங்குளத்தின் ஒரு உலை 1,000. இந்தப் பாதையில் அரசு எவ்வளவு மெதுவாக நடந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அணு வேண்டாம் என்பதற்குக் கரியைக் காரணம் காட்டுவதை நான் நிறுத்திவிட்டேன். யாரைக் கேட்டு, யாருடைய கரையில், கழிவை எத்தனை தலைமுறைக்கு என்ற கேள்விகளை நிறுத்தவில்லை. அவற்றைப் பசுமைத் திட்டங்களிடமும் கேட்டாக வேண்டும்.

காலையில் கரண்ட் வந்தது. அம்மாவுக்கு நீரேற்று நிலையத்தை விளக்கப் பார்த்தேன். கீழே ஒரு ஏரி, மேலே ஒரு ஏரி. மிச்சக் கரண்டில் தண்ணியை மேலே ஏத்துறது, வேணும்கிறப்ப இறக்குறது.

காப்பி ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். 'மேல் ஏரி எங்க வெட்டுவாங்க தம்பி?'