கட்டளை வரி: தொடக்கநிலைப் பயிற்சியும் பாதுகாப்பும்

கட்டளை வரி என்பது சுட்டியும் படங்களும் இன்றி, தட்டச்சிடும் சொற்களைக் கொண்டே கணினியை இயக்கும் முறை. லினக்ஸிலும் மேக்கிலும் டெர்மினல் என்ற செயலி வழியாகவும், விண்டோஸில் பவர்ஷெல், கமாண்ட் பிராம்ப்ட் ஆகியவை வழியாகவும் இதைப் பயன்படுத்தலாம். சர்வர் நிர்வாகம், நிரலாக்கம், தரவு ஆய்வு ஆகிய வேலைகளுக்கு வருபவர்கள் இதைக் கற்பதை நெடுநாள் தள்ளிப்போட முடியாது. ஒரு கோப்புறை முழுவதையும் ஒரே வரியில், ஒரு கேள்வியும் கேட்காமல் அழித்துவிடக்கூடியது என்பதால் இதன் மீது அச்சமும் உண்டு. அந்த அச்சத்தில் பாதி நியாயமானது. மீதி, உள்ளே நடப்பது தெரியாததால் வருவது. இக்கட்டுரை யூனிக்ஸ் வழிவந்த கட்டளை வரியைப் பற்றியது. கட்டளைகளைக் கணினியில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சிட வேண்டும். இங்கே அவை ஒலிப்பின்படி எழுதப்பட்டுள்ளன.

தோற்றம்

யூனிக்ஸ், 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் உருவாக்கத் தொடங்கிய இயங்குதளம். அன்று அவர்கள் கணினியோடு உரையாடியது டெலிடைப் என்ற அச்சுப் பொறியில். பரவலாக இருந்த மாடல் 33 டெலிடைப் நொடிக்கு 10 எழுத்துகள்தான் அச்சிடும். எல்எஸ் (பட்டியலிட), சிடி (கோப்புறை மாற), ஆர்எம் (அழிக்க) என்று கட்டளைகள் இரண்டெழுத்தில் முடிவதும், வேலை சரியாக நடந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போவதும் அந்த வேகத்துக்கு ஏற்ற பழக்கங்கள். பொறி மாறிய பிறகும் பழக்கம் மாறவில்லை. புதியவரைக் குழப்புவது பெரும்பாலும் இந்த மௌனம்தான்: ஒரு கோப்பை அழித்தாலும் ஓராயிரம் கோப்புகளை அழித்தாலும் திரையில் தெரிவது ஒன்றே.

நாம் தட்டச்சிடும் வரியைப் படித்து நிறைவேற்றும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். 1979இல் ஸ்டீபன் போர்னின் ஷெல்லும், 1989இல் அதன் வழியில் கனூ திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பேஷும் வந்தன. ஆப்பிள் 2019 முதல் மேக்கில் இசட்-ஷெல்லை இயல்பாக வைத்திருக்கிறது. தொடக்கநிலையில் இவற்றுக்கு இடையே உள்ள வேறுபாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஷெல் முதலில், கட்டளை பிறகு

பாடநூல்கள் பெரும்பாலும் கட்டளைப் பட்டியலில் தொடங்குகின்றன. அதைவிட முதலில் அறிய வேண்டியது, எண்டர் விசையை அழுத்தியதும் நடப்பவற்றின் வரிசை. நாம் எழுதிய வரி அப்படியே கட்டளையிடம் போவதில்லை. ஷெல் அதை இடைவெளி உள்ள இடங்களில் துண்டுகளாக வெட்டும். மாறிகளின் இடத்தில் அவற்றின் மதிப்பை வைக்கும். * குறி இருந்தால் அதற்குப் பொருந்தும் கோப்புப் பெயர்களையெல்லாம் எடுத்து அந்த இடத்தில் நிரப்பும். இவ்வளவும் முடிந்த பிறகே கட்டளை ஓடத் தொடங்கும். ஆகவே ஆர்எம் கட்டளை * குறியைப் பார்ப்பதே இல்லை. அதன் கையில் கிடைப்பது நீளமான பெயர்ப் பட்டியல் ஒன்று. அதைத் தந்தவர் வேண்டுமென்றே தந்தாரா, தெரியாமல் தந்தாரா என்று அறிய அதற்கு வழியில்லை.

கட்டளை வரி விபத்துகளில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. 'பழைய*' என்று எழுத நினைத்தவர் 'பழைய *' என்று எழுதிவிட்டால், அந்த ஓர் இடைவெளி வரியை இரண்டாக வெட்டிவிடும். பின்பாதி, கோப்புறையில் உள்ள எல்லாக் கோப்புகளையும் குறிக்கும். பெயருக்கு நடுவே இடைவெளி உள்ள கோப்பை மேற்கோள் குறிக்குள் வைக்காமல் எழுதினாலும் இதே கதைதான்.

> குறியும் அப்படியே. ஒரு கட்டளையின் விடையைக் கோப்பில் எழுதச் சொல்வது இக்குறி. ஷெல் அந்தக் கோப்பை முதலில் காலியாக்கிவிட்டுத்தான் கட்டளையைத் தொடங்கும். ஒரு கோப்பை வரிசைப்படுத்தி அதே கோப்பில் எழுதுமாறு > குறியோடு சொன்னால், வரிசைப்படுத்தும் நிரல் திறந்து பார்க்கும்போது உள்ளே ஒன்றுமே இருக்காது. 'நோக்ளாபர்' என்ற அமைப்பை இயக்கி வைத்தால், ஏற்கெனவே உள்ள கோப்பின் மேல் > எழுதுவதை ஷெல் மறுத்துவிடும். பயிலும் காலத்தில் இதை இயக்கி வைப்பது நல்லது. பெயர் மாற்றும் எம்வி, நகலெடுக்கும் சிபி ஆகியவையும் இலக்கில் அதே பெயரில் கோப்பு இருந்தால் சொல்லாமல் அதன் மேல் எழுதிவிடும். கட்டளையோடு '-ஐ' என்ற குறியைச் சேர்த்தால், எழுதும் முன் கேட்கும்.

* குறியால் வரும் விபத்தைத் தவிர்க்கும் வழி எளிது. ஷெல் என்ன நிரப்பப் போகிறது என்பதை ஷெல்லையே காட்டச் சொல்லலாம். ஆர்எம் இருக்கும் இடத்தில் எக்கோ (தந்ததை அப்படியே அச்சிடுவது) அல்லது எல்எஸ் என்று போட்டு அதே வரியை ஓட்டினால், அழியவிருக்கும் பெயர்கள் திரையில் வரும். பட்டியல் சரியென்றால் மேலம்பு விசையால் அந்த வரியை மீட்டு, முதல் சொல்லை மட்டும் மாற்றினால் போதும். நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்கும் பிடபிள்யுடி கட்டளையும் இத்தகைய தீங்கற்ற கட்டளைகளில் ஒன்று.

அழித்தல் நடக்கும் விதம்

கோப்பு அழிக்கும் ஆர்எம், 1971இல் வெளியான யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே இடம்பெற்றது. இது கோப்பின் உள்ளடக்கத்தைத் துடைப்பதில்லை. கோப்புறை என்பது பெயர்களையும், ஒவ்வொரு பெயருக்கும் உரிய கோப்பை அடையாளம் காட்டும் ஐநோடு எண்ணையும் கொண்ட அட்டவணை. ஆர்எம் அந்த அட்டவணையிலிருந்து பெயரை நீக்கும். அந்த ஐநோடைச் சுட்டும் கடைசிப் பெயரும் போய், அதைத் திறந்து வைத்திருக்கும் நிரலும் இல்லாதபோதுதான் வட்டில் அது இருந்த இடம் காலியானதாகக் கணக்காகும். எழுதத் தடை செய்யப்பட்ட கோப்பையும் அழிக்க முடிவது இதனால்தான்: அதற்குத் தேவை கோப்புறையில் எழுதும் உரிமை, கோப்பில் எழுதும் உரிமை அன்று. அத்தகைய கோப்பென்றால் ஆர்எம் ஒருமுறை கேட்கும். 'எஃப்' குறி சேர்த்தால் அந்தக் கேள்வியும் இல்லை. 'ஆர்' குறி உட்கோப்புறைகளுக்குள்ளும் இறங்கும். இரண்டும் சேர்ந்த வடிவம்தான் பெயர்பெற்ற ஆர்எம் -ஆர்எஃப்.

உள்ளடக்கம் துடைக்கப்படுவதில்லை என்பதால் மீட்டுவிடலாம் என்று நம்புவது தவறு. பழைய டாஸ் இயங்குதளம் அழித்த கோப்பின் பெயரில் முதல் எழுத்தை மட்டுமே மாற்றி வைத்தது. அதனால் 1991இல் வந்த எம்எஸ்-டாஸ் 5, அன்டெலீட் என்ற கட்டளையைத் தர முடிந்தது. இன்றைய லினக்ஸ் கோப்பு முறைகளில் நிலைமை அப்படி இல்லை. எஸ்எஸ்டி வட்டுகளிலோ, காலியான இடத்தை ட்ரிம் என்ற முறையில் வட்டே துடைத்துவிடுவதால் மீட்பு இன்னும் அரிது. கட்டளை வரிக்குக் குப்பைத்தொட்டி இல்லை. வேண்டுமென்றால் ட்ராஷ்-சிஎல்ஐ போன்ற கருவியை நிறுவிக்கொள்ளலாம்.

ஆர்எம் என்றாலே கேள்வி கேட்குமாறு மாற்றுப்பெயர் அமைத்துக்கொள்ளச் சொல்லும் அறிவுரை பல இடங்களில் உண்டு. சில லினக்ஸ் வெளியீடுகள் ரூட் என்ற நிர்வாகப் பயனருக்கு அப்படியே அமைத்தும் தருகின்றன. இதில் ஒரு கெடுதல் இருக்கிறது. நாற்பது கோப்புக்கு நாற்பது முறை கேட்டால் விரல் தானாகவே ஒய் விசையைத் தட்டப் பழகிவிடும். அந்த மாற்றுப்பெயர் இல்லாத வேறொரு கணினியில் உட்காரும்போது பாதுகாப்பு என்று நினைத்தது அங்கே இருக்காது. மூன்றுக்கு மேற்பட்ட கோப்புகள் என்றால் ஒரே ஒருமுறை கேட்கும், ஆங்கிலப் பேரெழுத்தில் எழுதும் 'ஐ' குறி இதைவிடப் பொருத்தமானது.

அறியப்பட்ட விபத்துகள்

1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் டாய் ஸ்டோரி 2 படத்தின் கோப்புகள் இருந்த சர்வரில் யாரோ அழிப்புக் கட்டளையை ஓட்டிவிட, கதாபாத்திரங்கள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. சர்வரை நிறுத்துவதற்குள் படத்தின் சுமார் 90 விழுக்காடு போய்விட்டது. காப்புநகலும் ஒழுங்காக வேலை செய்திருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து பணியாற்றிய தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சுஸ்மனின் வீட்டுக் கணினியில் இருந்த நகல் படத்தைக் காப்பாற்றியது. அப்படி மீட்ட படத்தையும் பின்னர் பெரும்பாலும் புதிதாகவே எடுத்தார்கள் என்பது வேறு கதை.

2011இல் பம்பிள்பீ என்ற லினக்ஸ் மென்பொருளின் நிறுவல் ஸ்கிரிப்டில் ஆர்எம் -ஆர்எஃப் வரியில் ஒரே ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்தது. நீக்க நினைத்தது ஆழத்தில் இருந்த ஒரு கோப்புறையை. நீங்கியது நிரல்கள் பெரும்பாலானவை வாழும் 'யூஎஸ்ஆர்' கோப்புறை முழுவதும். 2015 ஜனவரியில் ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் ஸ்கிரிப்டில் வெளிப்பட்ட பிழை இன்னொரு வகை. ஸ்டீம் இருக்கும் இடத்தைச் சொல்லும் மாறி காலியாக இருந்தால், அதை அடுத்து எழுதியிருந்த / குறியும் * குறியும் மட்டும் மிஞ்சும். அதன் பொருள், கணினியில் உள்ள எல்லாம். எழுதியவருக்கே ஐயம் இருந்திருக்கிறது: அந்த வரிக்கு மேலே, பயமாக இருக்கிறது என்ற பொருளில் ஒரு குறிப்பும் இருந்தது.

கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததில் கட்டளையில் பிழையே இல்லை, கணினிதான் வேறு. துணைத் தரவுத்தள சர்வரில் இருப்பதாக நினைத்துப் பொறியாளர் ஒருவர் முதன்மை சர்வரின் தரவுக் கோப்புறையை அழித்தார். நொடிகளில் உணர்ந்து நிறுத்தியபோது சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மட்டுமே எஞ்சியிருந்தது. வைத்திருந்த காப்பு முறைகள் பல வேலை செய்யவில்லை; தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு நகலிலிருந்து மீட்டார்கள். பின்னர் அந்நிறுவனம் வகுத்த திருத்தப் பணிகளில் ஒன்று, எந்த சர்வரில் இருக்கிறோம் என்று பார்த்தவுடன் தெரியும்படி ஒவ்வொன்றிலும் பிராம்ப்ட் வரியை, அதாவது கட்டளைக்காகக் காத்திருக்கும்போது ஷெல் காட்டும் வரியை, மாற்றியமைப்பது. பிராம்ப்டில் தெரியும் பயனர் பெயர், கணினிப் பெயர், கோப்புறைப் பெயர் ஆகிய மூன்றையும் புதியவர்கள் அலங்காரமாக எண்ணித் தாண்டிவிடுகிறார்கள். எண்டர் தட்டும் முன் கண் போக வேண்டிய முதல் இடம் அதுதான்.

இத்தகைய விபத்துகளைக் கண்டு கட்டளைகளிலும் தடுப்புகள் வந்தன. 2005இல் வெளியான சோலாரிஸ் 10, வேர்க் கோப்புறையான / மீது ஆர்எம் ஓட்டுவதை மறுத்தது. லினக்ஸில் உள்ள கனூ கருவிகள் 2006 முதல் அதையே இயல்பாக்கின. ஆனால் '/' என்பதற்குப் பதிலாக '/*' என்று எழுதினால் இந்தத் தடுப்பு உதவாது. காரணம் மேலே சொன்னதே: ஷெல் அதை விரித்துத் தனித்தனிப் பெயர்களாக்கிவிடுகிறது.

உரிமைகளும் ஒட்டும் பழக்கமும்

யூனிக்ஸில் ரூட் பயனருக்கு ஏறக்குறைய எல்லா உரிமையும் உண்டு. 1980 வாக்கில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் உருவான சுடோ, ரூட்டாக நுழையாமலேயே ஒரு கட்டளைக்கு மட்டும் அந்த உரிமையைக் கடன் தருகிறது. பயிற்சிக் காலத்தில் மென்பொருள் நிறுவுவது தவிர வேறெதற்கும் சுடோ தேவைப்படாது. 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற செய்தி வந்ததும் அதே வரிக்கு முன்னே சுடோ சேர்த்து மறுபடி ஓட்டும் பழக்கம் மிகப் பரவலானது, மிகக் கெட்டதும்கூட. அந்த மறுப்பு பெரும்பாலும், தவறான கோப்புறையில் நிற்கிறீர்கள் என்ற செய்தியாகவே இருக்கும்.

இணையத்திலிருந்து கட்டளையை எடுத்து ஒட்டும்போது, திரையில் காண்பதற்கும் நகலில் வருவதற்கும் வேறுபாடு இருக்க முடியும். பக்கத்தில் மறைத்து வைத்த எழுத்தும் கூடவே வரலாம். முன்பெல்லாம் ஒட்டியதன் முடிவில் வரிமுறிவு இருந்தால் அது உடனே ஓடிவிடும். 2020 இறுதியில் வந்த பேஷ் 5.1 முதல், ஒட்டியது எண்டருக்காகக் காத்திருக்கிறது. பழைய பதிப்பென்றால் முதலில் ஓர் உரைத்தொகுப்பியில் ஒட்டிப் பார்ப்பது வழி. அறியாத கட்டளைக்கு மேன் கையேட்டைத் திறக்கலாம். அதிலிருந்து வெளியேற க்யூ விசை. ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தக் கண்ட்ரோல்-சி. திரை திடீரென உறைந்துபோனால் பெரும்பாலும் கண்ட்ரோல்-எஸ் அழுந்தியிருக்கும். கண்ட்ரோல்-க்யூ அதை விடுவிக்கும்.

பயிலும் இடம்

மெய்நிகர் கணினி சிறந்தது: தொடங்கும் முன் அதன் நிலையைப் பதிந்துவைத்தால், எதை உடைத்தாலும் அந்த நிலைக்குத் திரும்பலாம். பென் டிரைவிலிருந்து இயங்கும் லைவ் லினக்ஸும் பயன்படும்; ஆனால் அதிலிருந்து கணினியின் உள்வட்டையும் எட்ட முடியும். விண்டோஸுக்குள் லினக்ஸ் தரும் டபிள்யுஎஸ்எல் 2016இல் அறிமுகமானது. அது தனி உலகம் போலத் தோன்றினாலும் விண்டோஸின் சி டிரைவ் அதற்குள் ஒரு கோப்புறையாக இணைந்திருக்கிறது. அங்கே அழிப்பது உண்மையான கோப்பை. கணினி இல்லாதவர்கள் ஆண்ட்ராய்டு கைபேசியில் டெர்மக்ஸ் செயலியில் பழகலாம். கைபேசிச் சேமிப்பகத்துக்கான அனுமதியைக் கொடுக்காதவரை அது தன் எல்லைக்குள்ளேயே இருக்கும், குடும்பப் படங்களைத் தொடாது.

தமிழ்க் கோப்புப் பெயர்கள்

கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வடிவமைத்த யுடிஎஃப்-8 குறியாக்கத்தால் கோப்புகளுக்குத் தமிழில் பெயரிடத் தடையில்லை. ஆனால் தமிழின் ஒவ்வொரு குறியீட்டு எழுத்தும் அதில் 3 பைட் பிடிக்கும். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் பெயருக்கு உச்சவரம்பு 255 பைட் என்பதால் தமிழ்ப் பெயர் 85 குறியீடுகளோடு நின்றுவிடும். ஷெல்லில் ? குறி ஓர் எழுத்துக்குப் பொருந்தும் என்பார்கள்; அது எண்ணுவது குறியீடுகளை. 'கட்டளை' என்ற பெயர் நமக்கு நான்கெழுத்து. ஷெல்லுக்கு ஆறு, புள்ளியும் ஐகாரக் கொம்பும் தனித்தனிக் கணக்கு. ஆகவே நான்கு ? குறிகளுக்கு அது சிக்காது.

இன்னொரு நுட்பமும் உண்டு. 'கொடி' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். லினக்ஸ் பைட்டுகளை வந்தபடியே வைத்துக்கொள்வதால், பார்வைக்கு ஒன்றே போன்ற இரண்டு 'கொடி' கோப்புகள் ஒரே கோப்புறையில் இருக்க முடியும். பெயரைத் தட்டச்சிட்டு ஒன்றை அழித்தால், விசைப்பலகை எந்த வடிவத்தைத் தருகிறதோ அதுதான் போகும். எல்எஸ் கட்டளையோடு 'ஐ' குறியைச் சேர்த்தால் இரண்டின் ஐநோடு எண்களும் தெரியும். வேண்டாததன் எண்ணை ஃபைண்ட் கட்டளைக்குக் கொடுத்து, முதலில் பெயரை அச்சிடச் செய்து, பிறகு அழிக்கலாம்.