பாடபேதமும் பேட்சும்

இலக்கியக் கூடுகையில் இயங்குதளத்துக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நான் பேசப்போவது ஏடு பெயர்த்தெழுதுவதைப் பற்றித்தான். ஓலை இற்றுப்போகும் முன் இன்னோர் ஓலையில் ஏற்றாவிட்டால் நூல் போய்விடும். மென்பொருளுக்கு ஓலை என்பது அது ஓடுகிற இயந்திரம். இயந்திரத்தின் ஆயுளோ ஓலையைவிடக் குறைவு.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ், பிடிபி-7 என்ற இயந்திரத்துக்கென்றே எழுதப்பட்டது. அடுத்து பிடிபி-11 வந்ததும் அதற்காக மறுபடி எழுதினார்கள். 1973இல் அதன் கருவை சி மொழியில் திருப்பி எழுதினார்கள். அன்றே யூனிக்ஸ் எங்கும் போகத் தயாராகிவிட்டது என்று பல நூல்கள் சொல்லும். எனக்கு அதில் உடன்பாடில்லை. மொழி மாறியது, பிடிபி-11இன் வாசனை வரிக்கு வரி ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த வாசனையைப் போக்கிய பழைய முயற்சிகளில் ஒன்று ஆஸ்திரேலியாவில் நடந்தது. சிட்னித் தமிழர்கள் ஹெலன்ஸ்பர்க் வேங்கடேசுவரர் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். அங்கிருந்து கடலோரமாக இன்னும் தெற்கே போனால் வுலங்காங், நிலக்கரியும் எஃகும் வளர்த்த ஊர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் இருந்தது பிடிபி அல்ல, இன்டர்டேட்டா 7/32. ரிச்சர்ட் மில்லர் 1977இல் யூனிக்ஸை அதற்குக் கொண்டுவந்தார். முதலில் சி மொழிமாற்றியைப் பெயர்த்தார். பிறகு இயந்திரத்தோடு வந்த இயங்குதளத்தின் மேலேயே யூனிக்ஸை ஒரு சாதாரண நிரல்போல ஓடவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அடியிலிருந்ததை விலக்கினார். குடியிருந்துகொண்டே வீட்டை இடித்துக் கட்டுகிற வேலை.

ஏறக்குறைய அதே காலத்தில் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சனும் ரிட்சியும் இன்டர்டேட்டா 8/32க்கு அதையே தனியாகச் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஆளும் வசதியும் இருந்தன; அதற்கென்றே புதிய மொழிமாற்றி எழுதினார்கள், சி மொழியையே திருத்தினார்கள். அவர்களின் 1978ஆம் ஆண்டுக் கட்டுரை புகழ்பெற்றது. வுலங்காங்கை நினைப்பவர்கள் குறைவு. எனக்கென்னவோ மில்லர் செய்ததே பெரிதாகத் தெரிகிறது.

பெயர்க்கும்போது எது இடறும்? பெரிய கோட்பாடுகள் அல்ல, சில்லறைதான். பிடிபி-11 இரண்டு பைட் கொண்ட சொல்லில் சிறிய பகுதியை முன்னால் வைக்கும். இன்டர்டேட்டா பெரிய பகுதியை. கவனிக்காமல் மாற்றினால் 'யூ-என்-ஐ-எக்ஸ்' என்ற நான்கு எழுத்தும் 'என்-யூ-எக்ஸ்-ஐ' ஆகிவிடும். 'நக்ஸி' என்று இதற்குக் கேலிப்பெயரே உண்டு. இன்னொன்று, பிடிபி-11 ஒரு பைட்டை எடுக்கும்போது 127க்கு மேற்பட்டதை எதிர்மறை எண்ணாகக் கொள்ளும். வேறு இயந்திரங்கள் அப்படிக் கொள்ளா. சி மொழி இதில் தீர்ப்புச் சொல்லாமல் இயந்திரத்தின் விருப்பத்துக்கு விட்டது. ஆங்கில எழுத்துகள் 127க்குள் அடங்கிவிடுவதால் அவர்களுக்கு அது பெரிதாக உறைக்கவில்லை.

நமக்கு உறைத்தது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தை அறிவீர்கள். யூனிகோடு பரவுமுன் அதன் மின்னூல்கள் டிஸ்கி குறியேற்றத்தில் வந்தன. டிஸ்கியில் தமிழ் எழுத்துகள் எல்லாம் 127க்கு மேலே. அதோடு, ஏட்டில் எழுதுவதுபோலவே 'கொ' என்பதில் கொம்பு முதலில், பிறகு 'க', பிறகு கால். யூனிகோடில் 'க' முதலில், உயிர்க்குறி பின்னால். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் நிரல், கொம்பைக் கண்டதும் கையில் பிடித்துக்கொண்டு அடுத்து வருவதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். இன்று லினக்ஸின் ஐகான்வ் கருவி இதைத் தானே செய்கிறது.

ஆனால் அன்று பலர் சொந்தமாகவும் எழுதினார்கள். அப்படி ஒருவர் சி மொழியில் எழுதிய மாற்றி ஒன்று நண்பர் வழியாக என்னிடம் வந்தது. கூடவே டிஸ்கியில் தட்டச்சு செய்த ஒரு குடும்பத்தின் கடிதங்கள். இன்டெல் கணினியில் சரியாக ஓடிய அந்த நிரல், ராஸ்பெரி பை லினக்ஸில் ஒரு தமிழ் எழுத்தைக்கூட மாற்றவில்லை. காரணம் ஒரே வரி: 'பைட் சுழியத்துக்குக் கீழா' என்று பார்த்துத்தான் அவர் தமிழைக் கண்டுகொள்கிறார். ஏஆர்எம் லினக்ஸில் பைட் எதிர்மறையாவதே இல்லை. பிடிபி-11இன் பழைய வாசனை இங்கே வந்து தமிழை மறைத்துவிட்டது.

அவர் வரியை அழிக்காமல் திருத்த ஒரு வழி உண்டு. 1974 வாக்கிலேயே யூனிக்ஸில் 'டிஃப்' வந்துவிட்டது. இரண்டு பிரதிகளை ஒப்பிட்டு வேறுபடும் வரிகளை மட்டும் தரும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உ.வே.சா. பல ஏடுகளை ஒப்புநோக்கிக் குறித்தாரே பாடபேதம், அதுதான். 1985இல் லாரி வால் 'பேட்ச்' எழுதினார். அது பாடபேதப் பட்டியலை வாங்கி மூலத்தில் ஏற்றும். மூலத்தில் வரி எண்கள் நகர்ந்திருந்தாலும் முன்பின் வரிகளைப் பார்த்து இடத்தைக் கண்டுகொள்ளும். இடம் பிடிபடாததைத் திணிக்காமல் தனிக் கோப்பில் ஒதுக்கிவைக்கும். ஏடெழுதிய சிலருக்கு இந்த நிதானம் இருந்திருந்தால் நமக்கு எத்தனையோ இடைச்செருகல்கள் குறைந்திருக்கும்.

என் திருத்தம் 'அன்சைன்ட்' என்ற ஒரு சொல்லும் '127க்கு மேலா' என்ற ஒப்பீடும்தான். முன்பின் வரிகளோடு சேர்த்தும் பேட்ச் கோப்பு ஒரு திரைக்குள் அடங்கிவிடும். அவருடைய நிரல் அவர் விட்டுப்போனபடியே அதன் அடைவில் இருக்கிறது. என் கோப்பு பக்கத்தில். கடிதங்கள் யூனிகோடில் அந்தக் குடும்பத்துக்குப் போய்ச்சேர்ந்தன.